மதியத்தில் தளர்ந்த ஆப்பு

நம் கட்டட இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் நேற்றுக் காலை கே.கே. நகரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பழைய கோப்பு. யுத்த காலத்துக் காகிதம், தொட்டால் உதிர்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்கு மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'மாடத்தின் உச்சிக்கு முட்டுக் கொடுக்கப்பட்டது. கட்டடம் உறுதியாக இருக்கிறது, நெல் நிரப்பலாம்.'

"அந்தக் காலத்துலயே எவ்வளவு தெளிவா முடிவெடுத்திருக்கீங்க சார்" என்றார். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். புரை ஏறிவிட்டது.

அந்த இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே உண்மை. அடுத்தடுத்து வைத்தால் பொய். தெளிவு என்று அவர் சொன்னது இருக்கிறதே, அந்தப் பதினைந்து நாளும் எனக்கு இல்லாத ஒரே பொருள் அதுதான். தலை எது வால் எது என்று தெரியாமல்தான் திரிந்தேன். ஆனால் வீடு தேடி வந்து பாராட்டுகிறவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல நா எழவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பர்மா அரிசி வருவது நின்றுபோன சமயம் அது. அரசாங்கம் ஊர் ஊராக நெல் வாங்கிச் சேர்த்தது. சேர்த்ததைக் கொட்டி வைக்க இடமில்லை. ஸ்ரீரங்கத்தில் யாத்ரீகர்களுக்குச் சோறு போடும் ஒரு பழைய தர்ம சத்திரத்துக்கு வட்ட வடிவமான நெற்களஞ்சியம் ஒன்று இருந்தது. செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கீழே இரண்டாள் உயரத்துக்கு வட்டச் சுவர். அதன் மேல் பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு செங்கல் மாடம். உள்ளே ஒரு தூண் கிடையாது, ஓர் உத்தரம் கிடையாது. மாடத்தின் நடு உச்சியில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வட்டத் துவாரம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடத்தின் முதுகில் இருக்கும் படிகளில் ஏறி, அந்தத் துவாரம் வழியாகத்தான் நெல்லைக் கொட்டுவார்கள். எடுப்பது கீழே, சுவரில் உள்ள சின்னக் கதவு வழியாக.

அந்த மாடத்தில் ஆறு விரிசல்கள் இருந்தன. சுவரின் தலையிலிருந்து கிளம்பி, மேலே போகப் போக மெலிந்து, பாதி உயரத்தில் மறைந்துபோகும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சாத்துக்குடியைச் சுளை சுளையாகப் பிரிக்கத் தொடங்கி யாரோ பாதியில் விட்டுப் போனது போல் இருக்கும். அதற்குப் பயந்து பல வருடங்களாக அதை நிரப்பாமலேயே விட்டிருந்தார்கள்.

நான் அப்போது ஓவர்சியர், அதுவும் தற்காலிகம். தொட்டியத்துப் பக்கம் வாழைத்தோட்டக்காரர் மகன். சின்ன மதகுப் பாலம் கட்டத் தெரியும், இரும்பு உத்தரம் போடத் தெரியும். மாடம் கட்டத் தெரியாது. எனக்கு மட்டுமில்லை, எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. எங்கள் பெரிய இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டு, பதினைந்து நாளில் நிரப்பலாமா, இடிக்கலாமா என்று எழுதிக் கொடு என்றார். இடித்தால் செங்கல் யுத்த வேலைக்கு ஆகும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நிரப்பலாம் என்று எழுதினால் மூட்டை தூக்கும் பதினோரு பேர் நாள் முழுக்க அந்த மாடத்தின் முதுகில் ஏறி இறங்குவார்கள். இடிக்கலாம் என்று எழுதினாலும் கடப்பாரையோடு அதே ஆட்கள்தான் அதே முதுகில் ஏற வேண்டும். என் பேச்சை நம்பி யாராவது ஒருவர் அதன் மேல் நிற்கப்போவது நிச்சயம். எந்த நேரத்தில் அது உள்ளே விழும் என்பதுதான் தெரியாது.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். களஞ்சியத்தின் சின்னக் கதவு நேரே தெருவுக்குத் திறப்பதில்லை. சத்திரத்தின் உக்கிராண அறைக்குள், அதாவது அரிசி பருப்பு அளந்து கொடுக்கும் அறைக்குள், திறக்கும். அந்த அறைக்குப் பொறுப்பு வரதாச்சாரி என்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒடிசலாக இருப்பார். என் பூட்ஸையும் தொப்பியையும் மேலும் கீழும் பார்த்தார். "இப்ப வரப்படாது. தளிகையாகி எல்லாரும் சாப்ட்டு முடியட்டும். மூணு மணிக்கு மேல வாங்கோ" என்றார். பெருமாளுக்குப் படைக்கும் அரிசியை அளக்கும் இடம், மடியாக, அதாவது ஆசாரச் சுத்தமாக, இருக்க வேண்டுமாம். அரசாங்க உத்தரவு என்று காகிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தாண்டிக்கொண்டா போக முடியும்?

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னைத் தீட்டு என்று சொல்லாமல் சொல்கிறார் என்று பட்டது. அன்றிலிருந்து வீம்புக்காக மூன்றரை மணிக்குத்தான் போவேன், ஒரு நிமிஷம் முன்னால் போகமாட்டேன். காலையில் என்ன என்று கேட்கவே மாட்டேன். இந்த வீம்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதையில் நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாடத்தை அளந்தேன். வரைபடம் போட்டு, பாரம் எப்படிச் சுவருக்குள் இறங்குகிறது என்று கோடு இழுத்துப் பார்த்தேன். கோடு செங்கலின் கனத்துக்குள்ளேயே அடங்கி நின்றது. காகிதப்படி அது விழக்கூடாத கட்டடம். உச்சித் துவாரம்கூடப் பலவீனம் இல்லை. அதைச் சுற்றியுள்ள செங்கல் வளையம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னே ஏன் வெடித்தது? வெடித்தது ஏன் விழவில்லை?  பெரிய இன்ஜினீயர் என் வரைபடத்தை ஒரு புறம் தள்ளிவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் நடுவுல ஒரு முட்டு கொடுத்து வைங்க" என்றார். அது கெட்ட யோசனையாக எனக்குப் படவில்லை. விழுமோ என்று பயப்படுகிற பொருளுக்குக் கீழே ஒரு கட்டையை நிறுத்துவதில் என்ன கெடுதல் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

சவரிமுத்து என்ற தச்சரை அழைத்துக்கொண்டு போனேன். பாலக்கரைக்காரர், வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். ஒரு நீளமான மரத்தூணைக் கொண்டுவந்து தரையின் நடுவில் பலகை போட்டு நிறுத்தினார். தூணின் தலையில் சட்டம் பூட்டி, உச்சித் துவாரத்தின் செங்கல் வளையத்தைத் தாங்கும்படி வைத்தார். தூணின் காலடியில் இரண்டு மர ஆப்புகளை எதிரும் புதிருமாகச் செருகி அடித்ததும், தூண் மேலே போய் வளையத்தில் அழுந்தி நின்றது. ஒவ்வொரு விரிசலின் மேலும் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்தேன். விரிசல் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து சொல்லிவிடும். அன்று ரொம்பத் திருப்தியோடு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் மூன்றரைக்குப் போனால் வரதாச்சாரி வாசலிலேயே, "ஒண்ணு ஒடைஞ்சுடுத்து" என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணாடி இரண்டு துண்டு. ஆனால் காலடியில் ஆப்பைத் தொட்டால் ஆடுகிறது. முட்டு தளர்ந்திருக்கிறது! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடம் கீழே இறங்கினால் முட்டு இறுக வேண்டும், தளரக்கூடாது. மாடம் நகராவிட்டால் கண்ணாடி உடையக்கூடாது. சரி, தூண் தரையில் புதைகிறது போலும் என்று முடிவு செய்து, ஆப்பை நன்றாக அடித்து இறுக்கச் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் இன்னொரு கண்ணாடி. ஆப்பு மறுபடியும் தளர்ச்சி. மறுபடியும் அடித்தோம். மூன்றாம் நாளும் அதே கதை. தூணின் காலடியைத் தோண்டிப் பார்த்தேன். பாறை மாதிரி கெட்டித்த சுண்ணாம்புத் தரை, அங்கே ஒன்றும் புதையவில்லை. மரம் காய்ந்து சுருங்குகிறது என்றார் சவரிமுத்து. கண்ணாடி உடைவதைப் பார்த்து, மாடத்துக்கு இந்தக் கட்டையைப் பிடிக்கவில்லை என்றார் வரதாச்சாரி. காவிரியில் தண்ணீர் வந்திருந்த சமயம், நிலத்தடி ஊறி அஸ்திவாரம் அசைகிறதோ என்று நான் கிணறு கிணறாக எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் எலி வளையைக்கூடச் சந்தேகித்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் சந்தேகிப்பீர்கள்.

எட்டாவது நாள் உச்சியைச் சுற்றி வட்டமாகப் புது விரிசல் ஒன்று கண்டது. பூச்சு அப்பளம் அப்பளமாகக் கீழே விழுந்து கிடந்தது. பழைய ஆறு விரிசல்களும் முன்னைவிட உயரமாக ஏறியிருந்தன. பெரிய இன்ஜினீயர் நேரில் வந்தார். கதவருகே நின்றபடி பார்த்தவர், இன்னும் இரண்டு முட்டு கொடு, கொடுத்தும் நிற்கவில்லையென்றால் இடிக்க எழுது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவரும் பயந்திருந்தார். அவரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இன்னும் இரண்டு முட்டு கொடுத்துப் பார்க்க எனக்கு நம்பிக்கை இல்லை; மறுநாள் இடிக்கலாம் என்ற அறிக்கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். சத்திரத்தாருக்கு முதலில் தெரிவிப்பது மரியாதை என்று வரதாச்சாரியிடம் சொன்னேன். ஆப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது, தினமும் தளர்ந்து போகிறது, இனி இது தாங்காது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தளர்றதா? விடியக்காலம் நான் தொட்டுப் பாக்கறச்சே கல்லு மாதிரின்னா இறுகியிருக்கு. அப்பதானே கண்ணாடியும் டக்குனு ஒடையறது" என்றார்.

அவர் ஏன் தொட்டுப் பார்த்தார் என்று கேட்டேன். தினமும் விடியற்காலையில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து அரிசி அளப்பவர் அவர்தானாம். பயமாக இருந்ததாம். அதனால் வந்ததும் முதல் வேலையாக ஆப்பை அசைத்துப் பார்த்துவிட்டு, அசையவில்லை என்றால் தைரியம் வந்து வேலையை ஆரம்பிப்பாராம்.

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டேள்? கண்ணாடி ஒடைஞ்சுதான்னு மட்டும்தானே கேட்டேள். நீங்க வர்ற வேளைக்கு அது தளர்றதுங்கறது எனக்கென்ன தெரியும்?"

இத்தனை நாளும் ஒரே ஆப்பை இரண்டு பேர் தொட்டிருக்கிறோம். அவர் காலையில், நான் மாலையில். அவர் தொட்டது எனக்குத் தெரியாது, நான் தொட்டபோது அது ஆடியது அவருக்குத் தெரியாது. அவரிடம் பேச எனக்கு வீம்பு. என்னிடம் பேச அவருக்கும் ஏதோ ஒன்று. எனக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

காலையில் நான் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அவர் உக்கிராண அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு ஒரு நாள் அரிசியை மடப்பள்ளியிலயே அளந்துக்கறேன். நீங்க ஸ்நானம் பண்ணிட்டு ஈர வேஷ்டியோட வாங்கோ" என்றார். அவர் அப்படிச் செய்ததற்குச் சத்திரத்துப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

விடிவதற்குள் காவிரியில் முழுகிவிட்டு, பல் கிட்டிக்க ஈர வேஷ்டியோடு களஞ்சியத்துக்குள் போய் உட்கார்ந்தேன். ஆப்பில் கை வைத்தேன். சுத்தியல் கொண்டு அடித்தாலும் அசையாது போல் இறுகியிருந்தது. தூண் முழுவதும் விண்ணென்று நின்றது. சற்று நேரத்தில் என் தலைக்கு மேலேயே ஒரு கண்ணாடி சத்தத்தோடு உடைந்தது.  எழுந்து ஓடியிருப்பேன், ஈர வேஷ்டி காலில் சுற்றிக்கொண்டதால் ஓடவில்லை.

வெயில் ஏறியது. உச்சித் துவாரம் வழியாக வெளிச்ச வட்டம் ஒன்று சுவரில் விழுந்து மெல்லக் கீழே இறங்கியது. மணிக்கொரு தரம் ஆப்பைத் தொட்டேன். பத்து மணிக்கும் இறுக்கம்தான். நடுப்பகலில் வரதாச்சாரி கதவுக்கு இந்தப் பக்கம் ஓர் இலையை வைத்தார். வெளியே போனால் திரும்பவும் முழுக வேண்டும், இங்கேயே சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்டுவிட்டுத் தொட்டால் ஆப்பு முனகியது. இரண்டரை மணிக்குக் கொஞ்சம் அசைந்தது. மூன்றரைக்கு, நான் தினமும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் அதே நேரத்துக்கு, ஒரு விரலால் ஆட்டினால் ஆடியது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏதோ கொஞ்சம் ஏறியது. வெயில் பட்டுச் சூடேறினால் மாடம் மேலே எழும்புகிறது. எவ்வளவு? ஒரு தபால் கார்டு கனம் இருக்கலாம். ராத்திரி குளிர்ந்ததும் தன் இடத்துக்கு இறங்குகிறது. கட்டிய நாளிலிருந்து அது தினமும் செய்துவந்த காரியம். நான் என்ன செய்தேன்? அது மேலே போயிருக்கும் வேளையாகப் பார்த்து வந்து, அடியில் ஆப்பை அடித்து இறுக்கினேன். ராத்திரி இறங்க வந்தால் உச்சியில் முட்டு இடிக்கிறது. சுற்றிலும் உள்ள செங்கல் இறங்கப் பார்க்கிறது, உச்சி மட்டும் இறங்க முடியவில்லை. வெடிக்காமல் என்ன செய்யும்? வெடித்த இடத்தில் பொடி விழுந்து அடைத்துக்கொள்ளும். மறுநாள் அதற்கும் மேலே நான் அடிப்பேன். படுக்க வருகிறவன் முதுகுக்குக் கீழே தினமும் ஒரு கல்லை வைத்துவிட்டு, இவன் ஏன் புரளுகிறான் என்று யோசித்த கதை. மாடத்தைத் தாங்குவதாக நினைத்துக்கொண்டு, வெயிலைத் துணைக்கு வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

இப்படி எழுதும்போது ஏதோ பளிச்சென்று விளங்கியது போல் இருக்கிறது. அன்று அப்படி இல்லை. இது ஒரு யூகம். முட்டுக் கட்டையை எடுத்துவிடு என்று இந்த யூகம் சொல்கிறது. ஆனால் இத்தனை நாளாகக் கிளப்பி, உச்சி வரை வெடிக்கவைத்த பிறகு, எடுத்தால் அது தன் இடத்தில் போய் உட்காருமா, அல்லது மொத்தமாக உள்ளே வருமா? என் வரைபடத்தில் வெடிக்காத மாடம்தான் இருந்தது. இந்த மாடத்துக்கு என்னிடம் வரைபடம் இல்லை. எடுப்பதென்றால் அது தளர்ந்திருக்கும் இந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. பெரிய இன்ஜினீயரிடம் கேட்டுவிட்டு வர நேரமில்லை. கேட்டால் எடு என்று சொல்லமாட்டார் என்பதும் தெரியும்.

சவரிமுத்து வழக்கம்போல் ஆப்பு அடிக்கச் சுத்தியலோடு வந்தார். இன்று அடிக்க வேண்டாம், உருவ வேண்டும் என்றேன். அவர் மேலே பார்த்தார், வட்டமாக விழுந்திருந்த புது விரிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உருவிடலாம்ங்க. ஆனா நீங்களும் உள்ள நில்லுங்க. நீங்க நின்னா நானும் நிக்கிறேன்" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. விலை கேட்பது போல் சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் வந்ததும் நான் எழுந்து கதவருகே போய் நின்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை. இரண்டு ஆப்பையும் கையாலேயே உருவினார். தூணைத் தோள் கொடுத்துச் சாய்த்துச் சுவரில் நிறுத்தினோம். மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி அவர் தலையில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை.

ஆனால் உண்மையான சோதனை அதுவல்ல. மாடம் இறங்குவது குளிரில். மறுநாள் விடியற்காலையில்தான் தெரியும். இரவோடு இரவாக எதுவும் ஆகலாம், காலையில் களஞ்சியத்துப் பக்கம் போகாதீர்கள் என்று வரதாச்சாரியிடம் சொல்லிவிட்டு, உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாகப் புதுக் கண்ணாடி பதித்துவிட்டு வந்தேன். மறுநாள் விடியும்போது மறுபடியும் முழுகி ஈர வேஷ்டியோடு போய் நின்றேன். இன்றைக்கு நீங்கள் வரக்கூடாது என்றார். ஒரு நாள் என்று சொன்னது ஒரு நாள்தானாம்.

"அப்ப யாருதாங்க பாக்கிறது?"

"நான்தான். இது என்னோட எடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முட்டு இல்லாத மாடத்துக்குக் கீழே, என் யூகத்தை நம்பி, ஒரு மனிதர் தனியாகப் போகிறார். நான் வாசலில் நிற்கிறேன். அவருக்கு வீட்டில் மூன்று பெண்கள் என்று யாரோ சொன்னது அந்நேரம் பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்? ஈர வேஷ்டி முழுக்கக் காய்ந்துபோனது. உள்ளே படியால் அரிசி அளந்து கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவை நின்றபோதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அளந்து முடித்துவிட்டுத்தான் வந்தார். "ஆறும் முழுசா இருக்கு. ஒண்ணும் ஒடையலை" என்றார். எனக்கு அழுகை வந்தது, திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாலு நாளும் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. பெரிய இன்ஜினீயரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார். கெட்டவர் அல்ல. "முட்டு எடுத்ததை எழுத வேணாம். நாமே கொடுத்து, நாமே வெடிக்கவிட்டு, நாமே எடுத்தோம்னா மேல ஆயிரம் கேள்வி வரும். நிக்குதில்ல? அது போதும்" என்றார். நான் தற்காலிக ஓவர்சியர். அவர் சொன்னதற்காக எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையல்ல. எழுதாமல் விடச் சொன்னாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நெல் வந்தது. மூட்டைக்காரர்களின் மேஸ்திரி, மேலே ஏறுவதற்கு முன், விரிசல் இருக்கிறதே என்று என்னிடம் கேட்டார். ஏன் வெடித்தது என்று எனக்குத் தெரியாது, நாலைந்து நாளாக அது நகரவில்லை என்பது மட்டும் தெரியும் என்றேன். அவருக்கு அது திருப்தியான பதிலாக இல்லை. எனக்கும் இல்லை. அதனால் நானே முதலில் ஏறி உச்சித் துவாரத்தின் ஓரத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும், காவிரி தெரியும் என்பார்கள். நான் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு பேரும் மாலை வரை ஏறி இறங்கினார்கள். மாடம் சும்மா இருந்தது.

அந்தப் பழைய ஆறு விரிசல்களுக்குக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். இந்த மாதிரி மாடங்கள் அடியில் கொஞ்சம் விரிந்து சுளை சுளையாகப் பிளப்பது சகஜமாம். பிளந்த பிறகும் சுளைகள் உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நூறாண்டு நிற்குமாம். இருக்கலாம். அந்த மாடத்துக்கும் அதுதான் காரணமா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். குழப்பத்தோடு முடிவெடுப்பது நம் தொழிலில் பாவமல்ல. தெளிவாக இருந்ததாக எழுதி வைப்பதுதான் பாவம்.

இத்தனை வருடம் கழித்து இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், நேற்று வந்தவர் ஸ்கூட்டரைக் கிளப்பியபடியே வாசலில் ஒன்று சொன்னார். உங்கள் பிரிவில் பழைய செங்கல் மாடம் ஒன்று வெடித்திருக்கிறதாம். "உங்க கோப்பைப் பார்த்துத்தான் சார் நாங்களும் தைரியமா முட்டு கொடுத்தோம். ஆப்பு மட்டும் டெய்லி சாயங்காலம் கொஞ்சம் தளர்ந்து போகுது. அடிச்சு அடிச்சு வைக்கிறோம்" என்றார். நான் அவர் சொன்னதை வாங்கிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் தெருக்கோடிக்குப் போய்விட்டது.

அந்தக் கோப்பில் என் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது. இப்போது எழுதுகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்: 'முட்டு கெடுதல் செய்தது, எடுக்கப்பட்டது.'

இன்றைக்குச் சாயங்காலம் யாரும் ஆப்பை அடிக்க வேண்டாம் என்று ஆபீஸுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாளை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். வெயில் ஏறுமுன் ஆப்பைத் தொட்டுப் பார்ப்போம். பக்கத்தில் குடியிருப்பவர்கள் யாராவது விடியற்காலையில் சத்தம் கேட்டார்களா என்று விசாரிப்போம். என் யூகம் அங்கேயும் சரிதானா என்பது எனக்குத் தெரியாது. சரி என்று பட்டால் மதியம் வரை காத்திருந்து, அது தளர்ந்ததும் கையால் உருவுங்கள். உருவும்போது நான் உள்ளே நிற்கிறேன்.